சோறு போடுகிறவர் பெயரில் காகிதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் வறுமை தெருவுக்கு வந்து கை நீட்டாது. வெள்ளிக்கிழமை மாலை நடந்து பாருங்கள். வாசல் கழுவியிருக்கும், விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஜன்னல் திரை துவைத்து மாட்டியிருக்கும். அதே வீட்டின் பின்பக்கம், இங்கே 'அவுட்பில்டிங்' என்று சொல்லும் ஒற்றை அறையில், ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கும். அந்த அறையில் நேற்றிரவு உலை கொதித்ததா என்பது முன்வீட்டுக்காரருக்கே தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்பதில் அந்த அறைக்காரர்கள் அவ்வளவு கவனமாக இருப்பார்கள்.

நான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பிறந்து, திருமணமாகி டர்பனுக்கு வந்தவள். என் கணவரின் தாத்தா மாநகராட்சித் தொழிலாளி. தமிழர்கள் நிறைந்திருந்த மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் வாழ்ந்தவர். எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று கோடு போட்ட 1950ஆம் ஆண்டுச் சட்டம், அறுபதுகளில் அவர்களைப் பெயர்த்தெடுத்து டர்பனுக்குத் தெற்கே இந்தக் குன்றுகளில் கொண்டுவந்து இறக்கியது. சாட்ஸ்வொர்த் என்ற ஊர் பிறந்த கதையே அதுதான். நிறவெறி ஆட்சி முடிந்து ஒரு தலைமுறை கடந்துவிட்டது. பேவியூ, வெஸ்ட்கிளிஃப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் வறுமை இன்னும் குடியிருக்கிறது.

கோயிலை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் சோறும் பருப்பும், சில வாரங்களில் பீன்ஸ் கறியும் உண்டு. அகரத்துக்காக வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், பருப்புக்காக வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஜூலு பேசும் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அவர்களில் ஒரு பையன் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைவிடத் தெளிவாக 'ழ' சொல்கிறான். குழந்தைகளின் வறுமையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கூடத்தில் தொடங்கியதுதான்.

புரட்டாசிக்கும் தீபாவளிக்கும் மளிகைப் பைகள் வரும். இங்கே 'ஹேம்பர்' என்பார்கள். குறை சொல்லவில்லை, நானும் கட்டிக் கொடுக்கிறவள்தான். ஆனால் பத்து கிலோ அரிசி ஒரு மாதம்கூட வராது. ஒரு குழந்தையின் பெயரில் முறையாகப் பதிவான அரசு உதவித்தொகை, அந்தக் குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை மாதாமாதம் வரும். அந்தப் பதிவுக்கு வேண்டியது பணம் இல்லை. வேலைக்கு ஒரு நாள் விடுப்பு, ஒரு பேனா, வரிசையில் நிற்கும் பொறுமை, கவுன்டரில் தயங்காமல் பேச ஒரு துணை. ஹேம்பர் கொடுக்கக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். வரிசையில் துணைக்கு நிற்பதற்குத்தான் ஆள் இல்லை.

உதவித்தொகையின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முன்பு இங்கே 'ஸ்டேட் மெயின்டனன்ஸ் கிராண்ட்' என்று ஒன்று இருந்தது. கணவன் இல்லாத, கணவன் கைவிட்ட தாய்மார்களுக்கான பணம். நடைமுறையில் அது பெரும்பாலும் இந்திய, கலப்பின, வெள்ளைத் தாய்மார்களுக்கே போய்ச் சேர்ந்தது. கறுப்பினத் தாய்மார்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. ஜனநாயகம் வந்தபின் பேராசிரியர் ஃபிரான்சி லண்ட் தலைமையிலான குழு இதை ஆராய்ந்து, எல்லா ஏழைக் குழந்தைகளுக்கும் பொதுவான ஒரு தொகையைப் பரிந்துரைத்தது. அப்படி 1998 ஏப்ரலில் வந்ததுதான் குழந்தை ஆதரவுத் தொகை. அன்று 7 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் மாதம் 100 ராண்ட். பழைய தொகை சில ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. எங்கள் பகுதியின் மூத்த பெண்கள் சிலர் அந்த வெட்டை இன்னும் மறக்கவில்லை. தங்களிடமிருந்து பிடுங்கிக் கொடுத்தார்கள் என்றே பேசுவார்கள். அவர்கள் பட்ட கஷ்டம் உண்மை. ஆனால் ஒரே தெருவில் ஓர் இனத்துக் குழந்தை சாப்பிட, இன்னோர் இனத்துக் குழந்தை பார்த்துக்கொண்டிருந்த ஏற்பாடு போய்த்தான் ஆக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்தக் குழுவின் யோசனையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: பணம் பெற்றோரைத் தேடிப் போகாது, குழந்தையைத் தேடிப் போகும். குழந்தையை அன்றாடம் வளர்ப்பவர் யாரோ அவர் கையில் கொடுக்கப்படும். அது ஆயாவாக, அதாவது பாட்டியாக இருக்கலாம், பெரியம்மாவாக இருக்கலாம், உறவே இல்லாத பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். நீதிமன்ற ஆணை எதுவும் வேண்டாம். இன்று ஒரு கோடியே முப்பது லட்சம் குழந்தைகள்வரை இதைப் பெறுகிறார்கள். 2025 ஏப்ரலில் தொகை 560 ராண்ட். அப்போது தனியாக வளர்ப்பவரின் மாத வருமானம் 5,600 ராண்டுக்குள், கணவன் மனைவி சேர்ந்து என்றால் 11,200க்குள் இருக்க வேண்டியிருந்தது. இந்தப் பணம் போதுமா என்று கேட்காதீர்கள். 2024இல் ஒருவர் உயிர்வாழத் தேவையான உணவுக்கு மட்டும் மாதம் 796 ராண்ட் என்று அரசின் புள்ளிவிவரத் துறையே கணக்கிட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் உதவித்தொகை 530. கணக்குப் போட்ட அரசும் தொகை கொடுத்த அரசும் ஒன்றுதான்.

போதாத அந்தத் தொகையும் ஏன் சிலருக்கு வருவதில்லை என்பதை ஓர் ஆயாவோடு அலைந்தபோதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

அவர் வீட்டில் மூன்று பேரப்பிள்ளைகள். மகள் வேலை தேடி ஜோகன்னஸ்பர்க் போய் அங்கேயே தங்கிவிட்டாள். மருமகன் 'ஷுகர்ஸ்' பழக்கத்தில் விழுந்தவன். சாட்ஸ்வொர்த்தில் அந்தப் பெயர் தெரியாத வீடு கிடையாது. மட்டமான ஹெராயினைக் கண்டதோடும் கலந்து மலிவாக விற்கும் தூள். வீட்டிலிருந்த கெட்டில், குழாய், பிள்ளையின் ஸ்கூல் ஷூ என்று ஒவ்வொன்றாக விற்றுத் தீர்த்துவிட்டுப் போய்விட்டான். மூத்த பிள்ளைகள் இருவருக்கும் உதவித்தொகை உண்டு, ஆனால் மகளின் அட்டையில் விழுந்தது. சில மாதம் அனுப்புவாள், சில மாதம் அனுப்பமாட்டாள். மூன்றாவது குழந்தைக்குப் பிறப்புப் பதிவே இல்லை. ஆயாவின் முதியோர் உதவித்தொகை அப்போது 2,315 ராண்ட். அந்த அட்டையோ வட்டிக்காரரிடம் இருந்தது.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது மகளின் அட்டை விஷயம். சட்டத்தில் இது எளிது. குழந்தை தன்னிடம்தான் இருக்கிறது என்று ஆயா ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, பள்ளியிலிருந்து ஒரு கடிதமும் சேர்த்து, வளர்ப்பவர் மாறிவிட்டார் என்று, உதவித்தொகைகளை வழங்கும் அரசு அமைப்பான சாசாவின் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆயாவுக்கு அது சட்டமாகத் தெரியவில்லை. "பெற்ற மகள் மேல் நானே போலீசில் எழுதிக் கொடுப்பதா, டீச்சர்?" என்றார். வாரக்கணக்கில் அதே கேள்வி. நான் வாதாடவில்லை. படிவத்தை எடுத்துப்போய் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். மகள் கெட்டவள் என்று எங்குமே எழுதச் சொல்லவில்லை. குழந்தை எங்கே தூங்குகிறது, யார் சமைக்கிறார்கள், யார் கிளினிக்குக்குத் தூக்கிப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஆயா அதைக் கேட்டுவிட்டு, "இதற்குப் பொய் சொல்ல வேண்டியதில்லையே" என்று எழுந்தார். மகளுக்கு முன்கூட்டியே போன் செய்து சொன்னோம். கத்தினாள், அழுதாள், பிறகு சரி என்றாள். முன்கூட்டியே சொல்லுங்கள், பணம் நின்ற பிறகு அவளாகத் தெரிந்துகொண்டால் அந்த உறவு முறிந்துவிடும், அதற்கான விலையைப் பிள்ளைகள்தான் கொடுப்பார்கள்.

பிரமாணப் பத்திரத்துக்கு வக்கீல் வேண்டாம், நோட்டரி வேண்டாம். எந்தப் போலீஸ் நிலையத்திலும் இலவசமாக முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். ஆயா தமிழில் கையெழுத்துப் போட்டார். ஜூலு பேசும் இளம் கான்ஸ்டபிள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதில் உங்கள் பெயர் எந்தப் பக்கம் தொடங்குகிறது என்று கேட்டார். அன்று சிரித்த ஒரே இடம் அதுதான்.

பிறப்புப் பதிவு இல்லாத குழந்தைக்கு வருகிறேன். இங்கே பிறந்த 30 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும். தவறினால் தாமதப் பதிவு. படிவங்களும் சாட்சிகளும் கூடிக்கொண்டே போகும். விவரம் தெரியாத ஒருவர், சான்றிதழ் கையில் இல்லாமல் உதவித்தொகை பற்றிப் பேசவே முடியாது என்று சொல்லி ஆயாவை முன்பே திருப்பி அனுப்பியிருந்தார். அது தவறு. சமூக உதவிச் சட்டத்தின் கீழ் 11(1) என்று ஒரு விதி இருக்கிறது. பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாதபோது, பிரமாணப் பத்திரத்தையும் வேறு ஆதாரங்களையும் வைத்து விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். சான்றிதழுக்கு விண்ணப்பித்ததற்கான சான்றை மூன்று மாதங்களுக்குள் காட்ட வேண்டும். விதியின் எண்ணைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். "ஏதோ ஒரு விதி இருக்கிறதாமே" என்று கேட்டால் இல்லை என்பார்கள். எண்ணைச் சொன்னால் உள்ளே போய் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு வருவார்கள்.

வேறு ஆதாரங்களில் உயிரானது கிளினிக்கில் தரும் 'ரோட் டு ஹெல்த்' புத்தகம். தடுப்பூசி, எடை, பிறந்த தேதி, பிறந்த மருத்துவமனை எல்லாம் அதில் இருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் பக்கம் சரிந்து போன வீடுகளில் மக்கள் முதலில் தேடியது இப்படிப்பட்ட காகிதங்களைத்தான். அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு பழக்கம் வைத்தோம். பெற்றோர் சம்மதித்தால் அவர்கள் கைபேசியிலேயே எல்லாக் காகிதங்களையும் படம் எடுத்து, அவர்கள் நம்பும் ஓர் உறவினருக்கும் அனுப்பி வைக்கச் சொல்கிறோம். எங்களுக்கு அனுப்ப வேண்டாம். பிறர் காகிதம் நம்மிடம் சேரச் சேர நாமும் ஒரு சிறிய அதிகாரியாகிவிடுவோம்.

தாய் போய்விட்டு, திருமணமாகாத தந்தை குழந்தையை வளர்க்கிற வீடுகளும் உண்டு. தாய் இல்லாமல் பதிவே முடியாது என்று அவர்களை நெடுங்காலம் திருப்பி அனுப்பினார்கள். 2021 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவையே செல்லாது என்று தீர்ப்பளித்தது. தந்தை தன் பெயரில் பதிவுசெய்யலாம். இந்தத் தீர்ப்பு இன்னும் பல வீடுகளின் காதுக்கு வந்து சேரவில்லை.

வட்டிக்காரருக்கு இங்கே 'மஷோனிசா' என்று பெயர். கடனுக்கு ஈடாக அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வார். பணம் விழும் நாளில் அவரே எடுத்து, தன் பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் இப்படி அட்டையையும் எண்ணையும் பிடித்து வைப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் நம் பக்கம்தான். ஆனால் கடன்காரர் அடுத்த தெருவில் இருக்கிறார். புகார் எழுது என்று தூரத்தில் இருந்து சொல்வது எளிது. நாங்கள் செய்தது இது: முதலில் பழைய அட்டையை முடக்கிப் புதியது வாங்கினோம், அத்தோடு அவர் பிடி தளர்ந்தது. பிறகு அவரும் மதிக்கும் கோயில் பெரியவர் ஒருவரை நடுவில் உட்கார வைத்து, அசல் எவ்வளவு மிச்சம் என்று பேசி, தவணை கட்டினோம். இதில் பெருமை எதுவும் இல்லை. ஆயா அதே தெருவில் தொடர்ந்து வாழ வேண்டும் என்பதுதான் கணக்கு.

பெற்றோர் இருவரும் இறந்து உறவினர் வளர்க்கும் குழந்தைகளுக்கு இன்னொரு வழி உண்டு. முன்பெல்லாம் அப்படிப்பட்டவர்களை நீதிமன்றம் வழியாக வளர்ப்புப் பெற்றோராகப் பதிவுசெய்யச் சொல்வார்கள். அந்தத் தொகை பெரிது, 2025இல் 1,250 ராண்ட். ஆனால் சமூகப் பணியாளர்கள் போதாமல் வழக்குகள் மலையாகத் தேங்கின. அதனால் 2022 முதல் குழந்தை ஆதரவுத் தொகையோடு அதில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்துத் தருகிறார்கள். 2025இல் அது மொத்தம் 840 ராண்ட். இறப்புச் சான்றிதழ்களைத் தொலைக்காதீர்கள், அவ்வளவுதான். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 90 நாட்களுக்குள் அதை எதிர்த்து முறையிடலாம். வாய்மொழி மறுப்பை வைத்து முறையிடுவது கடினம்.

பள்ளி விஷயத்தில் சாட்ஸ்வொர்த்துக்கு ஒரு தனித் தொல்லை. நாட்டின் அரசுப் பள்ளிகளை, சுற்றுவட்டாரத்தின் ஏழ்மையை வைத்து ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். கீழ் மூன்று படிகளில் கட்டணம் இல்லை, பள்ளியிலேயே உணவு உண்டு. அந்த உணவு 1994இல் தொடங்கிய திட்டம். சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அந்தச் சோள, பீன்ஸ் வாசனையே ஊர் நினைவைக் கிளப்பும். எங்கள் பகுதியின் பல பள்ளிகளோ, சுற்றிலும் செங்கல் வீடுகள் இருப்பதால், மேல் படியில் இருக்கின்றன. பள்ளியின் படி உயரமாக இருப்பதால் அங்கே படிக்கிற அவுட்பில்டிங் குழந்தைக்குப் பசிக்காது என்று ஆகிவிடுமா?

கட்டணப் பள்ளியிலும் உதவித்தொகை பெறும் குழந்தைக்குக் கட்டண விலக்கு தானாகவே உண்டு. கட்டணம் கட்டவில்லை என்று சேர்க்க மறுக்கவோ, மதிப்பெண் அறிக்கையை நிறுத்தி வைக்கவோ பள்ளிக்கு உரிமை இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகவும் வெளியேற்ற முடியாது. 2019 டிசம்பரில் மக்கண்டா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஒரு பள்ளியில் அறிக்கையை நிறுத்தி வைத்திருந்தார்கள். தாயோடு நான் போய், உதவித்தொகைச் சான்றையும் விலக்கு விண்ணப்பத்தையும் மேசையில் வைத்தேன். குரலை உயர்த்தவில்லை, அந்தப் பள்ளியில் அந்தப் பிள்ளை இன்னும் நான்கு வருடம் படிக்க வேண்டும்.

பிள்ளை சொல்லாமலே பசி தெரியும் சில இடங்கள் உண்டு. தட்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை டப்பாவில் போட்டுத் தரச் சொல்கிறவனுக்கு வீட்டில் ஒரு தங்கை இருக்கிறாள். 'சிவீஸ் டே' அன்று மட்டும் பள்ளிக்குப் போகாத பெண்ணைக் கவனியுங்கள். சீருடை இல்லாமல் வர அனுமதித்து அதற்குச் சில ராண்ட் வசூலிக்கும் நாள் அது. காசும் கிடையாது, போட்டுக்கொள்ள நல்ல உடையும் கிடையாது. திங்கட்கிழமை வயிற்றுவலி என்று வருகிற பிள்ளைக்கு வெள்ளி மதியத்துக்குப் பின் சரியான சாப்பாடு கிடைத்திருக்காது. இவற்றில் எதையும் வகுப்பு நடுவில் கேட்கக் கூடாது. பாத்திரம் கழுவும் நேரத்தில், பக்கத்தில் நின்றுகொண்டு, முகத்தைப் பார்க்காமல் பேசினால் பிள்ளைகள் தாமாகவே சொல்வார்கள்.

ஹேம்பர் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 27 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பதாக 2016ஆம் ஆண்டு நாடு தழுவிய ஆய்வு சொன்னது. அரிசியும் சர்க்கரையும் மட்டும் கொடுத்து உயரம் வராது. முட்டை, பில்சார்ட் மீன் டின், வேர்க்கடலை வெண்ணெய், பயறு, பீன்ஸ் வையுங்கள். கூடவே ப்ரீபெய்ட் மின்சார டோக்கன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மீட்டர் பூஜ்யத்தில் நிற்கும் வீட்டில் வேகாத பீன்ஸை வைத்துக்கொண்டு ஆயா என்ன செய்வார்?

இனிப் பாதுகாப்பு. இங்கே குடும்பங்களுக்கு எமனைவிட 'வெல்ஃபேர்' மேல் பயம். வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சமூகப் பணியாளரிடம் எதையும் சொல்லமாட்டார்கள். அந்தப் பயத்துக்குக் காரணங்கள் உண்டு, ஆனால் சட்டம் அப்படி இல்லை. 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி குழந்தையை வீட்டிலிருந்து எடுக்க நீதிமன்ற ஆணை வேண்டும். உடனடி ஆபத்து என்று ஆணை இல்லாமல் எடுத்தாலும் அடுத்த நீதிமன்ற வேலை நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். கிழிந்த போர்வையும் காலி அலமாரியும் வறுமை. குழந்தையைப் பூட்டிவிட்டு இரவெல்லாம் வெளியே போவது புறக்கணிப்பு. முதலாவதற்கு உதவி வேண்டும், இரண்டாவதற்குத் தலையீடு வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஏழை வீட்டின் மேலெல்லாம் புகார் எழுதுகிற நல்லவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள் வசதியான வீட்டிலிருந்து அலறல் கேட்டால் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொள்வார்கள்.

ஒரு குழந்தை உங்களிடம் ஏதாவது சொன்னால், துருவித் துருவிக் கேட்காதீர்கள். அது சொன்ன சொற்களை அப்படியே, தேதியோடு எழுதி வையுங்கள். அந்த வீட்டுக்குப் போய் விசாரிக்காதீர்கள். நீங்கள் திரும்பிய பிறகு குழந்தை அங்கேதான் இருக்கும். ஆசிரியர், மருத்துவர், செவிலியர் மட்டுமல்ல, மத குருவும் இத்தகைய சந்தேகத்தைப் படிவம் 22இல் தெரிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். கோயில் குருக்களுக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் கேட்டபோது ஒருவரும் அறிந்திருக்கவில்லை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மேல் சிவில் வழக்குப் போட முடியாது. பாலியல் குற்றம் என்றால் கடமை எல்லோருக்கும் உண்டு, நேராகப் போலீசில் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கு 72 மணி நேரத்துக்குள் போவது முக்கியம். எச்ஐவி தடுப்பு மருந்து அதற்குப் பிறகு பயன்படாது. எங்களுக்கு ஆர்.கே. கான் மருத்துவமனையின் துதுசெலா மையம் இருக்கிறது. மருத்துவம், வாக்குமூலம், ஆறுதல் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் சைல்ட்லைன் 116, இலவச அழைப்பு. நான் அறிந்த நிகழ்ச்சிகளை இங்கே எழுதப் போவதில்லை. அவை அந்தப் பிள்ளைகளுடையவை.

உதவ வருகிறவர்களிடமிருந்தும் குழந்தைகளைக் காக்க வேண்டும். எங்கள் வகுப்பில் உதவ விரும்பும் யாரும் முதலில் படிவம் 30ஐ நிரப்பி, குழந்தைகளோடு பணிபுரியத் தகுதியற்றவர் பட்டியலில் தன் பெயர் இல்லை என்ற சான்றைக் கொண்டுவர வேண்டும். என் கணவரும் கொண்டுவந்தார், முணுமுணுத்துக்கொண்டே. ஒரு பிள்ளையைத் தனியே யாரும் காரில் ஏற்றிப் போகக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. ஒரு நன்கொடையாளர், அரிசி மூட்டையை ஒரு சிறுமி வாங்குவதைப் படம் எடுத்தே ஆக வேண்டும் என்றார். அரிசியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அது எங்கும் வெட்கப்படாது என்றேன். அவர் மறுவருடம் வரவில்லை. அவரிடம் சொன்னதை மாற்றிக்கொள்ள எனக்கு எண்ணம் இல்லை.

எங்கள் கூடத்தில் இப்போது பெரிய கவலை 18 வயதைப் பற்றியது. பிறந்தநாள் வருகிற மாதத்தோடு உதவித்தொகை நின்றுவிடும். பலர் அந்த நேரம் மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் இருப்பார்கள். தேர்வு முடிய இன்னும் மாதங்கள் இருக்கும், வீட்டில் ஒரு வருமானம் குறைந்திருக்கும். இந்த வயதில்தான் பள்ளியை விட்டுவிட்டுக் கடையில் பொட்டலம் கட்டப் போகிறார்கள். மேற்படிப்புக்கு என்எஸ்ஃபாஸ் உதவி இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம், சாசா உதவித்தொகை பெற்றவர்களுக்கு வருமானச் சோதனை எளிதாக முடிந்துவிடும். ஆனால் அதற்கான விண்ணப்பம் வழக்கமாக முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே திறந்து மூடிவிடும். அடையாள அட்டை இல்லாமல் அதைத் தொடவே முடியாது. அட்டைக்கு 16 வயதிலேயே விண்ணப்பிக்கலாம், முதல் அட்டை இலவசம். எனவே பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை ஏப்ரல் விடுமுறையில் அடையாள அட்டை அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறோம். அதிகாலையிலேயே வரிசையில் இடம் பிடிக்க வேண்டும். போன முறை எனக்கு முன்னால் ஒரு ஜூலு பாட்டி பேத்தியோடு நின்றிருந்தார். எங்கள் ஆயா தன் மூத்த பேரனோடு பின்னால். இருவருக்கும் மொழி பொதுவில்லை. எங்கள் முறை வருவதற்குள் கணினி நின்றுவிட்டது என்று அறிவித்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் திட்டினார்கள். வியாழக்கிழமை மறுபடி போகிறோம்.